மெயில் எந்த நிறுத்தத்தில் நிற்கிறது? சொந்த மெயில் சர்வரின் கோளாறுகள், அறிகுறி வாரியாக

"தம்பி, மெயில் போகல."

அச்சகத்து அண்ணாச்சி காலையில் போன் போட்டு இப்படிச் சொன்னால் அதற்குக் குறைந்தது நான்கு அர்த்தம் உண்டு. மெயில் அவர் போனிலிருந்தே கிளம்பாமல் இருக்கலாம். சர்வர் வரை வந்து வரிசையில் கிடக்கலாம். எதிர்ப்பக்கம் வாங்க மறுத்திருக்கலாம். வாங்கி ஸ்பாம் பெட்டியில் போட்டிருக்கலாம். கஸ்டமர் படித்துவிட்டுப் படிக்காத மாதிரி இருக்கிறார் என்பது ஐந்தாவது. அதற்கு நம்மிடம் மருந்து இல்லை.

அண்ணாச்சியின் அச்சகம் உட்பட ஐந்தாறு டொமைன்களுக்கு ஒரு சின்ன விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்) மெயில் ஓட்டுகிறேன். டெபியன் லினக்ஸ், மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துப் படிக்கக் கொடுக்கும் டவ்காட், ஸ்பாம் வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்: இதுதான் கூட்டணி. கீழே இருப்பதும் அதற்குத்தான். கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல ஒலிப்படியே எழுதுகிறேன்; தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

கான்ஃபிக் ஃபைலைத் திறக்காதீர்கள். முதலில் லாக் (சர்வர் தானே எழுதும் நடவடிக்கைக் குறிப்பு). டெபியன் 12-இலிருந்து லாகை ஃபைலில் எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை என்பதால் பழைய மெயில் டாட் லாக் ஃபைலைத் தேடி "லாகே இல்லையே" என்று பதற வேண்டாம். ஜர்னல்சிடிஎல் மைனஸ் யு போட்டு, மேற்கோள் குறிக்குள் போஸ்ட்ஃபிக்ஸ் என்று எழுதி ஒட்டினாற்போல் நட்சத்திரக்குறி சேர்த்தால் எல்லாம் வரும். நட்சத்திரக்குறி முக்கியம். டெபியன் 12-இல் அது இல்லாவிட்டால் "சேவை தொடங்கியது" என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டு அது பாட்டுக்கு நிற்கும்.

போகாத மெயிலின் பெறுநர் முகவரியை லாகில் தேடுங்கள். கிடைக்கும் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

டு=<கஸ்டமர் முகவரி>, ரிலே=நன், டிலே=30, டிஎஸ்என்=4.4.1, ஸ்டேட்டஸ்=டிஃபர்ட் (கனெக்ஷன் டைம்ட் அவுட்)

பாதி வைத்தியம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஸ்டேட்டஸ் 'சென்ட்' என்றால் எதிர்ப்பக்க சர்வர் வாங்கிக்கொண்டுவிட்டது. இனி அது ஸ்பாம் பெட்டிப் பிரச்சினை. 'டிஃபர்ட்' என்றால் நம் வரிசையில் காத்திருக்கிறது. 'பவுன்ஸ்ட்' என்றால் திரும்பிவிட்டது. டிஎஸ்என் எண் 4-இல் தொடங்கினால் "அப்புறம் வா", 5-இல் தொடங்கினால் "வரவே வராதே". ரிலே என்ற இடத்தில் 'நன்' இருந்தால் எதிர்ப்பக்கத்தைத் தொடவே முடியவில்லை. பெறுநர் முகவரியே லாகில் இல்லை என்றால் மெயில் சர்வருக்கு வந்து சேரவில்லை. நேராக 'போனில் பாஸ்வேர்டு கேட்கிறது' பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: எதுவுமே வெளியே போகவில்லை, வரிசை நீள்கிறது

போஸ்ட்கியூ மைனஸ் பி அடித்தால் பத்து, இருபது என்று கிடக்கிறது, எல்லாவற்றிலும் 'டைம்ட் அவுட்'. உங்கள் சர்வரிலிருந்து வெளியே செல்லும் போர்ட் 25 அடைபட்டிருக்கிறது. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது இந்த 25-இல்தான். கூகுள் கிளவுட் அதைப் பெரும்பாலும் வெளியே திறப்பதில்லை. அமேசானின் இசி2-வில் ஆரம்பத்தில் மூடியிருக்கும், விண்ணப்பம் போட்டுக் கேட்க வேண்டும். வீட்டு பிராட்பேண்டில் மெயில் சர்வர் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதிதான்.

சோதிப்பது சுலபம்: நெட்கேட்டில் மைனஸ் விஇசட் போட்டு, ஜிமெயிலின் எம்எக்ஸ் பெயரையும் (ஒரு டொமைனின் மெயிலை வாங்கும் சர்வரின் பெயர்) 25-ஐயும் கொடுங்கள். தொங்கினால் அடைப்பு உறுதி. வழங்குநரிடம் டிக்கெட் போடுங்கள். மறுத்தால் வேறொரு ரிலே சேவை வழியாகப் போர்ட் 587-இல் அனுப்பலாம். இதை மானக்குறைவாக நினைக்கிற சிலரைப் பார்த்திருக்கிறேன். பெட்டியும் பாஸ்வேர்டும் கடிதங்களும் உங்களிடம் இருக்க, வெளியே எடுத்துப்போகும் வண்டி மட்டும் வாடகை வண்டி. இதில் என்ன குறைச்சல்?

'டைம்ட் அவுட்' இல்லாமல் 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்' என்று எல்லா டொமைனுக்கும் வந்தால் அது வேறு. போஸ்ட்ஃபிக்ஸ் தன் ஸ்பூல் அடைவுக்குள் பூட்டிக்கொண்டு ஓடும்போது பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ் சர்வர் எது என்று சொல்லும் ரிசால்வ் டாட் கான்ஃபின் நகல் அங்கே பழையதாகிவிடும். போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்தால் நகல் புதுப்பிக்கப்படும்.

வரிசையை நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிளஷ் செய்ய (உடனே மறுபடி அனுப்பச் சொல்ல) வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே 300 விநாடியில் தொடங்கி 4000 விநாடி வரை இடைவெளியைக் கூட்டிக்கூட்டி 5 நாள் முயலும். அவசரப்பட்டுத் தட்டத் தட்ட எதிர்ப்பக்கம் உங்களைத் தொல்லை பிடித்தவராகவே பார்க்கும்.

அறிகுறி: போகிறது, ஆனால் ஸ்பாமில் விழுகிறது அல்லது 550 வருகிறது

அதிக நேரம் செலவாகப்போவது இங்கேதான். உங்கள் ஜிமெயில் கணக்குக்கு ஒரு மெயில் அனுப்பி, அதில் 'ஷோ ஒரிஜினல்' திறந்து பாருங்கள். எஸ்பிஎஃப் (எந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பட்டியல்), டிகிம் (மெயில் மேல் போடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (அவை தவறினால் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு) மூன்றுக்கும் தனித்தனி வரியில் தீர்ப்பு இருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், ஐபிக்குப் பின்னோக்கிய டிஎன்எஸ், டிஎல்எஸ் (குறியாக்கப்பட்ட) இணைப்பு ஆகியவை கட்டாயம். நாளுக்கு 5000-க்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும். நம் அச்சகம் நாளுக்கு நாற்பது தாண்டாது. ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பிடிஆர், அதாவது அந்தப் பின்னோக்கிய டிஎன்எஸ். உங்கள் ஐபியைக் கேட்டால் பெயர் வரவேண்டும், அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி வரவேண்டும். டிக் மைனஸ் எக்ஸ் போட்டு ஐபியைக் கொடுங்கள். வழங்குநர் வைத்த நீளமான பெயர் வந்தால் அது போதாது. இதை டொமைன் வாங்கிய இடத்தில் மாற்ற முடியாது. ஐபி யாருடையதோ அவர்களின் பேனலில்தான் மாற்ற வேண்டும். புதிதாக வருகிறவர்கள் டொமைன் பேனலில் மணிக்கணக்காகத் தேடுவது இதைத்தான். போஸ்ட்ஃபிக்ஸின் மைஹோஸ்ட்நேமும் அதே பெயராக இருக்கட்டும்.

பிடிஆர் சரியாக இருந்தும் ஜிமெயில் மட்டும் சில மெயில்களை 5.7.1 சொல்லித் திருப்புகிறதா? லாகில் நம் பக்கம் ஐபிவி6 முகவரி வழியாகப் போயிருக்கிறதா பாருங்கள். ஐபிவி4-க்குப் பிடிஆர் வைத்தவர்கள் ஐபிவி6-க்கு மறந்துவிடுவது வழக்கம். வையுங்கள்; முடியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸில் ஐநெட்_புரோட்டோகால்ஸ் அமைப்பை ஐபிவி4 ஆக்கிவிடுங்கள்.

எஸ்பிஎஃப் தவறினால் இரண்டு காரணம்தான் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, ஒரே டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு. பழைய ஹோஸ்டிங்காரர் வைத்தது ஒன்று, நீங்கள் வைத்தது ஒன்று. இரண்டில் நல்லதை எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள், இரண்டும் செல்லாது. மற்றொன்று, 'இன்க்ளூட்' மேல் 'இன்க்ளூட்' போட்டு டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டிவிடுவது.

டிகிமில் 2048 பிட் சாவி வைத்திருந்தால் அதன் பொதுப்பகுதி 392 எழுத்து வரும். அதை வைக்கும் டிஎக்ஸ்டி (டிஎன்எஸ்ஸில் உரை) ரெக்கார்டில் ஒரு சரத்துக்கு 255 எழுத்துதான் எல்லை. சில பேனல்கள் தாமே இரண்டாகப் பிரித்துவிடும். சில சத்தமில்லாமல் வெட்டிவிடும். டிக் போட்டு, செலக்டர் (சாவிக்கு நீங்கள் வைத்த அடையாளம்) பெயரோடு அண்டர்ஸ்கோர் டொமைன்கீ சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். கடைசி எழுத்துகள் உங்கள் சாவியின் கடைசி எழுத்துகளோடு பொருந்த வேண்டும். சாவி சரி, ஆனால் 'பாடி ஹேஷ்' ஒத்துவரவில்லை என்றால், கையெழுத்து போட்டபின் யாரோ மெயிலில் கை வைக்கிறார்கள். ஒரு முறை எனக்கு அது அடிக்குறிப்பு ஒட்டும் ஸ்கிரிப்ட்டாக இருந்தது: "இந்த மெயிலை அச்சிடும் முன் மரங்களை நினைத்துக்கொள்ளுங்கள்." அச்சகத்து மெயிலில் இந்த வாசகம் எதற்கு என்று அதற்கு முன் யாரும் யோசித்ததில்லை.

டிமார்க் தவறுவது பெரும்பாலும் பொருத்தக் குறையால். 'ஃப்ரம்' வரியில் இருக்கும் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகிமில் தேறிய டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லிங் சாஃப்ட்வேர் வேறு எங்கிருந்தோ உங்கள் பெயரில் அனுப்பினால் இங்கே மாட்டும். அதனால் தொடக்கத்தில் டிமார்க்கில் பி=நன் (தவறினாலும் ஒன்றும் செய்யாதே) வைத்து, ருவா என்று அதில் கொடுத்த முகவரிக்கு வரும் அறிக்கைகளைச் சில வாரம் பாருங்கள். மறந்துபோன அனுப்புநர்கள் எல்லாம் அதில் தலை காட்டுவார்கள். பிறகு குவாரன்டைன் (ஸ்பாமில் போடு), அதன்பின் ரிஜெக்ட் (திருப்பிவிடு).

மூன்றும் பாஸ், இன்னும் ஸ்பாம் என்றால் ஐபியின் பூர்வீகம். உங்களுக்கு முன் அந்த ஐபியில் யார் குடியிருந்தார் என்று யாருக்குத் தெரியும். தடைப்பட்டியல் நடத்தும் ஸ்பாம்ஹாஸ் தளத்தில் ஐபியைக் கொடுத்துப் பாருங்கள். பிபிஎல் பட்டியல் என்றால் குற்றப்பட்டியல் இல்லை, "இந்த வட்டாரத்திலிருந்து நேரடியாக மெயில் வரத் தேவையில்லை" என்ற குறிப்பு மட்டுமே. அவுட்லுக் டாட் காமிலிருந்து எஸ்3140 என்ற குறியோடு 550 வந்தால் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தடைப்பட்டியல். அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. 'உங்கள் வலையமைப்பின் ஒரு பகுதி' என்று செய்தியில் இருந்தால், தண்டனை பக்கத்து வீட்டுக்காரன் செய்ததற்கு. படிவம் போடுங்கள்; ஒருமுறை மறுத்தால் மறுமுறை போடுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் ஐபியை மாற்றுவதுதான் மலிவு.

அறிகுறி: வெளியிலிருந்து மெயில் வரவில்லை

எம்எக்ஸ் ரெக்கார்டு ஒரு ஹோஸ்ட் பெயரைக் காட்ட வேண்டும். ஐபியை நேராக எழுதக்கூடாது, அந்தப் பெயர் சிநேமாகவும் (இன்னொரு பெயரைக் காட்டும் மாற்றுப்பெயர்) இருக்கக்கூடாது. கிளவுட்ஃபிளேரில் டிஎன்எஸ் இருந்தால், மெயில் ஹோஸ்ட் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரஞ்சு மேகத்தைச் சாம்பல் ஆக்குங்கள். ஆரஞ்சாக இருக்கும்வரை உலகத்துக்குத் தெரிவது அவர்களின் வெப் ஐபி. அங்கே 25-இல் உங்கள் மெயிலை வாங்க ஆள் இல்லை.

அனுப்பியவருக்கு 'ரிலே ஆக்சஸ் டினைட்' என்று திரும்பினால், சர்வர் அந்த டொமைனைத் தன்னுடையதாகவே நினைக்கவில்லை. விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன் பட்டியலில் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். 'யூசர் அன்னோன் இன் லோக்கல் ரெசிபியன்ட் டேபிள்' என்றால் நேர் எதிர்: டொமைன் மைடெஸ்டினேஷனிலும் (சர்வரின் லினக்ஸ் பயனர்களுக்கான டொமைன் பட்டியல்) உட்கார்ந்திருக்கிறது, போஸ்ட்ஃபிக்ஸ் லினக்ஸ் பயனரைத் தேடுகிறது. ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். இரண்டிலும் இருந்தால் லாகிலேயே எச்சரித்துக்கொண்டிருக்கும், நாம்தான் படிப்பதில்லை.

நேற்றுவரை வந்தது, இன்று ஒரு மெயில்கூட வரவில்லை, ஜிமெயிலிலிருந்துகூட இல்லை, எல்லாமே 554 சொல்லித் திரும்புகிறது, காரணம் ஸ்பாம்ஹாஸ் என்கிறது. ஜிமெயிலே தடைப்பட்டியலில் வந்துவிட்டதா? இல்லை. போஸ்ட்ஃபிக்ஸில் ஸ்பாம்ஹாஸின் ஜென் தடைப்பட்டியலை வைத்திருப்பீர்கள். சர்வரின் டிஎன்எஸ் 8.8.8.8 அல்லது 1.1.1.1 ஆக மாறியிருக்கும். இப்படிப்பட்ட பொது ரிசால்வர் (எல்லோருக்கும் திறந்த டிஎன்எஸ் சர்வர்) வழியாக வரும் கேள்விக்கு ஸ்பாம்ஹாஸ் 127.255.255.254 என்று பதில் சொல்லும். "இந்த வழியாகக் கேட்காதே" என்பது அதன் பொருள். போஸ்ட்ஃபிக்ஸோ ஏதோ ஒரு பதில் வந்தாலே "ஆள் பட்டியலில் இருக்கிறான்" என்று முடிவுகட்டிவிடும். விபிஎஸ்ஸை வேறு இடத்துக்கு மாற்றிய மறுநாள் எனக்கு இப்படி அரை நாள் போனது. நெட்வொர்க் அமைப்பை நகல் எடுத்தபோது பொது ரிசால்வரும் கூடவே வந்துவிட்டிருந்தது.

மருந்து இரண்டு, இரண்டையும் செய்யுங்கள். சர்வருக்குள்ளேயே அன்பவுண்டு என்ற ரிசால்வரை நிறுவி, டிஎன்எஸ்ஸை 127.0.0.1 ஆக்குங்கள். பட்டியல் பெயருக்குப் பின்னால் சமக்குறி போட்டு 127.0.0.[2..11] என்று வரம்பும் எழுதிவிடுங்கள். அப்போது பிழைக் குறியீடு தீர்ப்பாக மாறாது.

வருகிறது, ஆனால் வங்கி ஓடிபி பத்து நிமிடம் கழித்து வருகிறது என்றால் கிரேலிஸ்டிங். முன்பின் தெரியாத சர்வரை முதல்முறை 450 அல்லது 451 சொல்லித் திருப்பி, மறுபடி வந்தால் ஏற்கும் உத்தி. ஓடிபி காலாவதியான பிறகு கதவைத் திறந்து என்ன பயன்? நான் ஆர்ஸ்பாம்டியில் அதை முழுக்க அணைத்துவிட்டேன். ஸ்பாம் பெரிதாகக் கூடவில்லை.

அறிகுறி: போனில் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டு கேட்கிறது, அல்லது சான்றிதழ் எச்சரிக்கை

எச்சரிக்கை சான்றிதழைப் பற்றியது என்றால் தேதியைப் பாருங்கள். ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் கொண்டு, மெயில் படிக்கும் போர்ட்டான 993-இல் இணைந்தால் டவ்காட் எந்தச் சான்றிதழைக் காட்டுகிறது என்பது தெரியும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் வழக்கமான ஆயுள் 90 நாள். சான்றிதழ் வாங்கும் சர்ட்பாட் ஒழுங்காகப் புதுப்பித்திருக்கும், வெப்சைட் ஒழுங்காகத் திறக்கும். ஆனால் டவ்காட் தொடங்கியபோது படித்த பழைய சான்றிதழையே நீட்டிக்கொண்டிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் சின்னச் சின்ன புராசஸ்கள் அடிக்கடி செத்துப் புதிதாகப் பிறப்பதால் அதில் இந்தத் தொல்லை குறைவு. எனவே 'அனுப்ப முடிகிறது, படிக்க முடியவில்லை' என்பதே இதன் அடையாளம். ரின்யூவல்-ஹூக்ஸ் அடைவில் டிப்ளாய் என்பதற்குள் இரண்டையும் ரீலோட் செய்யும் இரண்டு வரி ஸ்கிரிப்ட் போட்டுவிடுங்கள்.

எதிர் அடையாளம், படிக்க முடிகிறது ஆனால் அனுப்பும்போது தவறுகிறது என்றால், போஸ்ட்ஃபிக்ஸுக்கும் டவ்காட்டுக்கும் நடுவே இருக்கும் சாக்கெட் (பாஸ்வேர்டு சரியா என்று கேட்கும் வழி). லாகில் 'பிரைவேட்/ஆத்' என்ற சொல் கிடைக்கும். டவ்காட்டின் ஆத் பகுதியில் போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல் அடைவுக்குள் யுனிக்ஸ் லிசனர் இருக்கிறதா, உரிமையாளர் போஸ்ட்ஃபிக்ஸ்தானா என்று பாருங்கள்.

டெபியனை 13-க்கு ஏற்றிய பிறகு டவ்காட் எழுந்திருக்கவே மறுக்கிறதா? அதில் வருவது 2.4. கான்ஃபிக் எழுதும் முறையே மாறிவிட்டது. முதல் வரியில் பதிப்பு எண்ணைச் சொல்ல வேண்டும்; மெயில்_லொகேஷன் என்று ஒரே வரியில் எழுதியது இப்போது டிரைவர் தனி, பாதை தனி. பழைய ஃபைலை ஒட்டுப்போடுவதைவிடப் புதிதாக எழுதுவது சீக்கிரம் முடியும். வெள்ளிக்கிழமை மாலை அப்கிரேடு செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அறிகுறி: வரிசையில் திடீரென்று ஆயிரக்கணக்கான மெயில்

இது தீ. வரிசைப்படி செய்யுங்கள்.

முதலில் போஸ்ட்சூப்பர் மைனஸ் சின்ன ஹெச், பெரிய எழுத்தில் ஆல். எல்லாம் அப்படியே நிறுத்தி வைக்கப்படும், அழியாது. நல்ல மெயிலும் அதற்குள் இருக்கும் என்பதால் அழிக்கும் கட்டளைக்குக் கை போக வேண்டாம்.

பிறகு லாகில் எஸ்ஏஎஸ்எல்_யூசர்நேம் (லாகின் செய்தவரின் பெயர்) என்று தேடுங்கள். ஒரே பெயர் நூற்றுக்கணக்கில் வந்தால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது. பாஸ்வேர்டை மாற்றுங்கள். இதோடு விடுகிறவர்கள்தான் அதிகம். ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் இணைப்பு, பாஸ்வேர்டு மாறினாலும் துண்டிக்கப்படாது. போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்து, டவ்காட்டில் டவ்அட்ம் கிக் போட்டு வெளியேற்றுங்கள். அதன்பின் அந்த அனுப்புநரின் மெயில்களை மட்டும் அழித்துவிட்டு, மிச்சத்தைப் பெரிய ஹெச் போட்டு விடுவியுங்கள்.

அச்சகத்தில் இப்படி நடந்தபோது மாட்டியது கணக்குப்பிள்ளையின் பெட்டி. பாஸ்வேர்டு அச்சகத்தின் பெயரும் நடப்பு ஆண்டும். "மறக்காம இருக்கணும்ல தம்பி" என்றார். மறக்காமல்தான் இருந்தது, எல்லோருக்கும்.

எஸ்ஏஎஸ்எல் பெயரே இல்லாமல் மெயில் போயிருந்தால் பெரும்பாலும் திறந்த ரிலே: யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக அனுப்பலாம். மைநெட்வொர்க்ஸில் (லாகின் இல்லாமலே அனுப்ப விடும் முகவரிகள்) யாரைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அங்கே 127.0.0.1-க்கு மேல் எதுவும் தேவைப்படுவது அபூர்வம். டாக்கரில் (மென்பொருளைத் தனிக் கன்டெய்னரில் அடைத்து ஓட்டும் முறை) ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. வெளியிலிருந்து ஐபிவி6 வழியாக ஒருவன் வருகிறான். கன்டெய்னருக்கு ஐபிவி4 மட்டுமே தெரியும். நடுவில் நிற்கும் டாக்கர் புராக்சி அவனைக் கைபிடித்து உள்ளே அழைத்துவரும்போது, கன்டெய்னருக்கு அவன் முகவரி 172-இல் தொடங்கும் உள்முகவரியாகத் தெரியும். மைநெட்வொர்க்ஸில் அந்த வட்டாரத்தை நம்பிக்கையாகச் சேர்த்திருந்தால் உலகமே உங்கள் வீட்டுப் பிள்ளை ஆகிவிடும். பாஸ்வேர்டைத் தவறாகத் தட்டும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்டுபான் அங்கே ஓடினால் இன்னும் வேடிக்கை: அது அந்த ஒரே உள்முகவரியைத் தடைசெய்யும், அந்த வழியாக வரும் நல்லவர்களும் சேர்ந்து வெளியே நிற்பார்கள். கன்டெய்னருக்கு ஐபிவி6 கொடுங்கள், அல்லது ஹோஸ்டின் ஐபிவி6-இல் அந்தப் போர்ட்டைத் திறக்காதீர்கள்.

தீ அணைந்த பிறகு பூட்ட வேண்டியவை: 25-இல் லாகின் வசதியை அணையுங்கள், லாகின் 465-இலும் 587-இலும் மட்டும், அதுவும் டிஎல்எஸ் வந்தபின். லாகின் செய்தவர் தன் முகவரியைத் தவிர வேறு பெயரில் அனுப்ப முடியாதபடி சென்டர்_லாகின்_மேப்ஸ் வையுங்கள். ஆர்ஸ்பாம்டியில் ஒரு பயனருக்கு மணிக்கு இவ்வளவு என்று வரம்பு போடுங்கள். அண்ணாச்சி மணிக்கு நூறு மெயில் அனுப்பப்போவதில்லை. 2023 டிசம்பரில் எஸ்எம்டிபி ஸ்மக்ளிங் (ஒரு மெயிலுக்குள் இன்னொன்றை ஒளித்துக் கடத்தும் ஓட்டை) வெளியான பின் வந்த ஃபர்பிட்_பேர்_நியூலைன் அமைப்பு போஸ்ட்ஃபிக்ஸ் 3.9-இலிருந்து தானாகவே இயங்கும். பழையதில் இருந்தால் நீங்கள் போட வேண்டும்.

அறிகுறி: தமிழில் தலைப்பு வைத்த மெயில் மட்டும் திரும்புகிறது

தமிழில் எழுதுகிற நமக்கென்றே வாய்த்த கோளாறு. வெப்சைட்டின் தொடர்புப் படிவத்திலிருந்து போகும் மெயில் ஜிமெயிலுக்குப் போகிறது, சில அலுவலக முகவரிகளுக்குப் போகவில்லை. தலைப்பை ஆங்கிலத்தில் வைத்தால் எல்லோருக்கும் போகிறது. திரும்பிவந்த கடிதத்தில் 'எஸ்எம்டிபியுடிஎஃப்8 இஸ் ரிக்வயர்ட், பட் வாஸ் நாட் ஆஃபர்ட்' என்று இருக்கும்.

நடப்பது இதுதான். பிஹெச்பி ஸ்கிரிப்ட் 'புதிய விசாரணை' என்ற தலைப்பை அப்படியே பச்சையாக ஹெடரில் (மெயிலின் தலைப்பகுதி) எழுதி, சென்ட்மெயில் கட்டளையிடம் கொடுக்கிறது. மெயிலின் ஹெடர் பழைய காலத்து வீடு. பச்சையான யுடிஎஃப்-8-க்கு அங்கே இடமில்லை. 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6531 அதற்கொரு புது வாசல் வைத்தது. சென்ட்மெயில் வழியாக வந்த ஹெடரில் தமிழைக் கண்ட போஸ்ட்ஃபிக்ஸ் "இதற்குப் புது வாசல் வேண்டும்" என்று முத்திரை குத்திவிடுகிறது. ஜிமெயிலில் அந்த வாசல் உண்டு, பல சர்வர்களில் இல்லை. உங்கள் சொந்த டவ்காட் 2.3-இன் எல்எம்டிபியிலேயே (பெட்டிக்குள் போட மெயிலை வாங்கும் வழி) இல்லை என்பதால், அதே சர்வரில் இருக்கும் அண்ணாச்சியின் பெட்டிக்குக்கூடப் போய்ச் சேராது.

எஸ்எம்டிபியுடிஎஃப்8_எனேபிள் அமைப்பை 'நோ' ஆக்கினால் முத்திரை விழாது, மெயில் போய்விடும். ஆனால் பச்சைத் தலைப்பு அப்படியே போவதால் சில இடங்களில் கோணல்மாணலாகத் தெரியும். சரியான வழி தலைப்பைக் குறியாக்கம் செய்வது. கையால் செய்யாதீர்கள். ஏனென்றால் ஒரு குறியாக்கத் துண்டு 75 எழுத்தைத் தாண்டக்கூடாது. முன்னும் பின்னும் வரும் குறிகள் 12 போக மிச்சத்தில் 45 பைட்தான் கொள்ளும். தமிழில் ஒவ்வொரு குறியமும் (யூனிகோடில் தனி எண் பெற்ற அலகு) 3 பைட். 'வணக்கம்' என்ற ஐந்தெழுத்துச் சொல், புள்ளிகளையும் தனியாக எண்ணுவதால் 7 குறியம், 21 பைட். ஆக ஒரு துண்டில் 15 குறியம். அதற்கு மேல் போனால் அடுத்த துண்டு, அதுவும் ஒரு குறியத்தின் நடுவில் வெட்டாமல். நடுவில் வெட்டினால்தான் தலைப்பில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி முளைக்கிறது. பிஹெச்பிமெயிலர் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும்; எழுத்துக் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று சொல்ல மட்டும் மறக்காதீர்கள். வேறு எதுவும் வேண்டாமென்றால் எம்பி_என்கோட்_மைம்ஹெடர் போதும்.

மெயில் முகவரியே தமிழில் இருந்தால்? .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் போன்ற டொமைன்கள் எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவத்துக்கு மாறிவிடுவதால் 'அட்' குறிக்கு வலப்பக்கம் தமிழ் இருப்பது பிரச்சினை இல்லை. இடப்பக்கமும் தமிழ் என்றால் மேலே சொன்ன வாசல் வழி முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். விசிட்டிங் கார்டில் ஆங்கில முகவரியையும் போடுங்கள்.

அறிகுறி: பெரிய இணைப்பு போகவில்லை, அல்லது 'இடமில்லை' என்கிறது

மெசேஜ்_சைஸ்_லிமிட் ஆரம்பத்தில் 10240000 பைட். இணைப்பு ஃபைல் மெயிலாக மாறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதிவிடும். அதனால் 8 எம்பி பிடிஎஃப்கூடத் தாண்டாது. 25 எம்பி இணைப்பு வேண்டுமென்றால் வரம்பை 36000000 அளவில் வையுங்கள். எதிர்ப்பக்க வரம்பு நம் கையில் இல்லை. பேனர் டிசைன்களை மெயிலில் அனுப்பும் பழக்கத்தை மட்டும் எந்த அமைப்பாலும் மாற்ற முடியவில்லை.

452 வந்து 'இன்சஃபிஷியன்ட் சிஸ்டம் ஸ்டோரேஜ்' என்றால் டிஸ்க். மெசேஜ் வரம்பைப் போல ஒன்றரை மடங்கு காலியிடம் இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் வாங்காது. எனவே வரம்பைக் கூட்டியவர்கள் இதையும் எதிர்பார்க்கலாம். டிஎஃப் பார்த்தால் இடம் நிறைய இருக்கிறது, ஆனாலும் எழுத முடியவில்லை என்கிறதா? டிஎஃப் மைனஸ் ஐ போடுங்கள். மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல், ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு (டிஸ்க்கில் ஃபைலுக்கான பதிவிடம்). இடம் இருக்கும்போதே ஐநோடு தீர்ந்துவிடும். எங்கள் சர்வரில் அதைத் தின்றது கணக்குப்பிள்ளையின் டிராஷ் அடைவு; ஒன்றரை லட்சம் மெயில், எல்லாம் நேரப்படி வேலைகளை ஓட்டும் கிரான் அனுப்பிய "பேக்அப் முடிந்தது". டவ்காட்டில் டிராஷுக்கு ஆட்டோஎக்ஸ்பஞ்ச் (தானாக அழிப்பது) 30 நாள் என்று வைத்தேன். கிரான் மெயிலைப் பேக்அப் தவறினால் மட்டும் வரும்படி மாற்றினேன். "இப்ப பேக்அப்பே நடக்கலையா தம்பி, மெயில் வரலையே?" என்று மறுவாரம் கணக்குப்பிள்ளை போன் போட்டார்.